கை பிழைக்க வேண்டுமானால் காலைப் பாருங்கள்: கைப்பந்துக் காயங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கோடை வந்துவிட்டால் ஊருக்கு ஊர் மின்னொளிக் கைப்பந்துப் போட்டி. அது முடிந்த கையோடு நமக்கு வரும் கடிதங்களில் வீங்கிய கணுக்காலும் மடங்காத விரலும்தான் அதிகம். பயிற்சிக் களமும் பிசியோதெரபியும் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கே: நடுவில் நின்று பிளாக் போடுபவன் (நெட்டருகே எகிறி எதிரணி அடியைத் தடுப்பவன்) நான். ஒரே வருடத்தில் வலது கணுக்கால் மூன்று முறை பிசகிவிட்டது. மூன்று முறையும் இறங்கும்போது யாரோ ஒருவர் பாதத்தை மிதித்ததால்தான். இது கெட்ட நேரமா? ஆங்க்லெட் (கணுக்கால் உறை) போட்டால் போதுமா?
*— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்*

ப: ஒரு முறை என்றால் கெட்ட நேரம் என்று விட்டுவிடலாம். மூன்று முறையும் ஒரே மாதிரி என்றால் ஆட்டத்தில்தான் எங்கோ கோளாறு. அந்த ‘யாரோ ஒருவர்’ யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எதிரணி அட்டாக்கரா (எகிறிப் பந்தை அடிப்பவரா), உங்கள் பக்கத்தில் நின்று பிளாக் போட்டவரா? இரண்டுக்கும் காரணம் வேறு.

அட்டாக்கர் என்றால்: அவர் உங்களுக்கு முன்னால் எகிறுகிறார், முன்னால் இறங்குகிறார். ஒரு கணம் கழித்து நீங்கள் இறங்கும் இடத்தில் அவர் பாதம் ஏற்கெனவே கிடக்கிறது. நடுக்கோட்டைப் பாதம் முழுதாகத் தாண்டினால்தான் தப்பு. பாதத்தின் ஒரு பகுதி கோட்டைத் தொட்டுக்கொண்டோ கோட்டுக்கு மேலேயோ இருந்தால் விதிப்படி சரி. ஆகவே நடுவர் விசில் அடிக்கமாட்டார், கணுக்கால் மட்டும் போகும். இதற்கு மருந்து அட்டாக்கரின் ஓட்டத்தில் இருக்கிறது. வலதுகை ஆட்டக்காரர் கடைசிக்கு முந்தைய அடியை, அதாவது வலது காலை, நீளமாக எடுத்து வைத்துக் குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும். அடுத்து இடது காலைச் சற்று முன்னால், விரல்கள் லேசாக உள்நோக்கித் திரும்பியபடி வைக்க வேண்டும். இந்த இரண்டு அடியும்தான் பிரேக். பிரேக் பிடித்தால் ஓடிவந்த வேகம் மேலே போகும். பிடிக்காவிட்டால் ஆள் மிதந்து நெட்டுக்கு அடியில் போய் இறங்குவார். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரும் அதை நெட்டை ஒட்டித் தூக்காமல் இரண்டு மூன்று அடி தள்ளித் தூக்கிப் பழக வேண்டும். பயிற்சியில் நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி இரு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அடித்தவர் அதைத் தாண்டி இறங்கினால் பாயிண்ட் எதிரணிக்கு. இரண்டு வாரத்தில் பழக்கம் மாறுவதைப் பார்க்கலாம்.

பக்கத்து பிளாக்கர் என்றால் தப்பு உங்களுடையது. ஓரத்தில் நிற்பவர் இடத்தைப் பிடிப்பார். நடுவில் இருப்பவர் அவரோடு போய்ச் சேர வேண்டும். தாமதமாகக் கிளம்பினால் ஓட்டம் நிற்காமலே எகிற வேண்டியிருக்கும். காற்றிலும் உடம்பு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போய் அவர் பாதத்தின் மேல் இறங்கும். கடைசிக் காலை ஊன்றி, இடுப்பை நெட்டுக்கு நேராகத் திருப்பி, நின்ற இடத்திலேயே மேலே எழுந்து அங்கேயே இறங்குங்கள். சேர முடியவில்லையா? இடைவெளியை விட்டுவிடுங்கள். பின்னால் ஆள் இருக்கிறது.

ஆங்க்லெட் விஷயம். சாக்ஸ் மாதிரி இழுத்துப் போடும் எலாஸ்டிக் வகை தைரியம் தருமே தவிர, பாதம் உள்பக்கம் மடிவதைத் தடுக்காது. லேஸ் கட்டும் வகை, அல்லது இரு பக்கமும் கெட்டித் தகடு உள்ள பிரேஸ் வாங்குங்கள். பிசகியபின் குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம், பயிற்சியிலும் சேர்த்துப் போட வேண்டும். ஒரு தடவை ஜவ்வு இழுபட்ட கணுக்காலுக்குத் தன் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வே மழுங்கிவிடுகிறது. அதை மீட்க வெறுங்காலில் ஒற்றைக் காலில் நில்லுங்கள்: 30 நொடி, மூன்று தடவை, இரண்டு காலுக்கும். சுலபமாகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு. அப்புறம் தலையணை மேல் நின்றபடி சுவரில் பந்து தட்டிப் பிடித்து. 1990களில் நார்வேயின் கைப்பந்து அணிகளில் எகிறும், இறங்கும் முறையையும் பலகை மேல் நிற்கும் இந்தச் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கணுக்கால் பிசகு பாதியாகக் குறைந்தது.

கே: பிசகிய உடனே எண்ணெய் தேய்த்து உருவி விடுவது எங்கள் ஊர் வழக்கம். டாக்டர் ஐஸ் வைக்கச் சொல்கிறார். எது சரி? எக்ஸ்ரே எப்போது தேவை?
*— வாசகர், உசிலம்பட்டி*

ப: முதல் இரண்டு மூன்று நாள் உருவவே கூடாது. உள்ளே சிறு ரத்தக்குழாய்கள் கிழிந்து கசிந்துகொண்டிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும், வீக்கம் இரட்டிப்பாகும். வெந்நீர் ஒத்தடமும் அப்போது வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை. வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள், புண்ணாகும். விரல் பக்கமிருந்து மேல்நோக்கி கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை இடுப்பைவிட உயரமாகத் தூக்கி வையுங்கள். விரல் நுனி நீலமானாலோ மரத்துப்போனாலோ கட்டு இறுக்கம், அவிழ்த்துச் சுற்றுங்கள்.

எக்ஸ்ரேக்கு டாக்டர்கள் பார்க்கும் கணக்கு எளிது. அடிபட்ட இடத்திலும் பிறகு மருத்துவமனையிலும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இரு பக்கமும் துருத்தும் எலும்பின் பின் விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டருக்குள் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தும் எலும்பிலோ, உள்பக்க வளைவின் மேல் உள்ள எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்பு முறியவில்லை என்று தெரிந்தபின் ஒரு வாரம் படுத்தே கிடக்கவும் வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றி நடக்கத் தொடங்கினால்தான் சீக்கிரம் ஆறும்.

கே: முட்டிச் சில்லுக்குக் கீழே, விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி. விளையாடத் தொடங்கும்போது வலிக்கிறது, சூடானதும் மறைகிறது, மறுநாள் படி இறங்கும்போது திரும்ப வருகிறது. நாங்கள் விளையாடுவது சிமெண்ட் தரை. விளையாட்டை நிறுத்த வேண்டுமா?
*— அட்டாக்கர், ஈரோடு*

ப: நீங்கள் சொல்லும் மூன்று அடையாளமும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் ‘ஜம்பர்ஸ் நீ’. முட்டிச் சில்லையும் முழங்காலுக்குக் கீழ் உள்ள கணைக்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண், தாங்க முடிந்ததைவிட அதிகமாக எகிறியதால் பழுதாகியிருக்கிறது. சூடானதும் மறைவதுதான் இதில் ஆபத்து. சரியாகிவிட்டது என்று நினைத்து இரண்டு மணி நேரம் அடித்துவிடுவீர்கள்.

முழுதாக நிறுத்தினால் வலி போகும். ஆனால் தசைநாண் இன்னும் பலவீனமாகி, திரும்பி வந்த முதல் வாரமே வலிக்கும். எனவே நிறுத்தாதீர்கள், குறையுங்கள். ஒரு நாள் பயிற்சியில் எத்தனை தடவை எகிறுகிறீர்கள் என்று ஒருவரை எண்ணச் சொல்லுங்கள்; ஸ்மாஷ், பிளாக், ஜம்ப் சர்வீஸ் எல்லாம் சேர்த்து. வரும் எண்ணிக்கை உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். முதலில் அதைப் பாதியாக்குங்கள். சர்வீஸை நின்றபடி போடுங்கள். அடுத்தடுத்த நாள் எகிறாதீர்கள். வலிக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் வரை பரவாயில்லை. மறுநாள் காலை அது கூடியிருந்தால் முந்தைய நாள் அளவு மிஞ்சிவிட்டது என்று கணக்கு.

உடற்பயிற்சி இரண்டு. வலி அதிகமான நாட்களில், சுவரில் முதுகைச் சாய்த்து முழங்காலை 60 டிகிரி மடக்கி அசையாமல் 45 நொடி, ஐந்து தடவை, இடையில் ஒரு நிமிட ஓய்வு. வலி தணிந்தபின், 25 டிகிரி சரிந்த பலகையில் குதிகால் மேட்டில், விரல் பள்ளத்தில் இருக்கும்படி ஒற்றைக் காலில் நின்று, மூன்று நாலு நொடி எடுத்து மெதுவாகக் கீழே இறங்குங்கள். மேலே எழும்போது அடுத்த காலையும் ஊன்றிக்கொள்ளுங்கள். 15 தடவை வீதம் மூன்று சுற்று. பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால்தான் பலன். மூன்றாவது வாரத்தில் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

இறங்கும் முறைக்கு ஒரு சோதனை உண்டு: காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் இறங்கும்போது ‘தொம்’ என்று கேட்டால் அந்த அடி முழுவதும் முட்டிக்குப் போகிறது. முன்பாதம் முதலில் தொட்டு, குதிகால் அடுத்து, முழங்காலும் இடுப்பும் ஒன்றாக மடங்கினால் சத்தமே வராது. முழங்கால் கால்விரலுக்கு நேராக வர வேண்டும். இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. வலதுகை அட்டாக்கருக்குப் பந்து இடது தோளுக்கு மேல் வந்துவிட்டால் உடம்பு இடப்பக்கம் சாய்ந்து இடது ஒற்றைக் காலில் இறங்குவார். முழங்கால் ஜவ்வு கிழிவதும் பல தடவை இப்படி இறங்கும்போதுதான். ‘டப்’ என்ற உணர்வு, சில மணி நேரத்தில் முட்டி நிறைய வீக்கம், நடக்கையில் முட்டி நழுவுவது போன்ற தடுமாற்றம் – இவை இருந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கே: என் மகனுக்கு 13 வயது. பள்ளி அணியில் ஆடுகிறான். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கிறது என்கிறான். பயமாக இருக்கிறது.
*— தாய், திருநெல்வேலி*

ப: பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மளமளவென்று வளரும் வயதில் தொடைத்தசை இழுக்கும் இடத்தில் எலும்பு இன்னும் முற்றாமல் இருக்கும். எகிறி எகிறி அந்த இடம் புண்பட்டுப் புடைக்கும். வளர்ச்சி முடிந்ததும் வலி தானாக அடங்கும். புடைப்பு மட்டும் பலருக்கு நிலைத்துவிடும். வலி இருக்கும் வாரங்களில் எகிறும் பயிற்சிக்குப் பதில் அண்டர்ஹேண்ட் (முன்கையால் பந்தை எடுப்பது), செட்டிங், சர்வீஸ் என்று தரையில் நின்று செய்வதை வைத்துக்கொள்ளச் சொல்லி பி.டி. ஆசிரியரிடம் பேசுங்கள். அந்த வயதில் அவனுக்கு அதுதான் அதிகம் தேவையும்கூட.

கே: ஓங்கி அடித்தால் தோளின் முன்பக்கம் சுரீர் என்கிறது. ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் செய்து தோளை பலப்படுத்தினேன், குறையவில்லை. என்ன தப்பு?
*— மாவட்ட அணி வீரர், திண்டுக்கல்*

ப: தோள்வலி என்று வருகிறவர்களை முதலில் ஓடச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். பந்து செட்டர் கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஓடிவந்துவிடுகிறவர் அதற்கு அடியில் போய் மாட்டிக்கொள்வார். பந்து தலைக்குப் பின்னால் இருக்கும். அதை அடிக்க முதுகை வில்லாக வளைத்து, கையைக் காதுக்குப் பின்னாலிருந்து இழுக்க வேண்டிவரும். முழு விசையும் தோளின் முன்பக்க ஜவ்விலும் அடிமுதுகிலும் விழும். பந்து எப்போதும் அடிக்கும் தோளுக்கு நேராக, ஒரு முழம் முன்னால் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, தாமதமாகக் கிளம்பி வேகமாக வருவது.

அடுத்தது முழங்கை. கையைப் பின்னால் இழுக்கும்போது முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் அடியில் உடம்பு சேராது, கை மட்டும் வேலை செய்யும். முழங்கை தோள் உயரத்தில் அல்லது சற்று மேலே. இடுப்பு முதலில் திரும்ப, மார்பு அதன் பின்னால், தோள் அதன் பின்னால், கை கடைசியில் சாட்டை மாதிரி வர வேண்டும். அடித்தபின் கையைப் பாதியில் நிறுத்தாமல் கீழே ஓடவிடுங்கள்.

பெஞ்ச் பிரஸ் மார்பையும் தோளின் முன்பக்கத்தையும்தான் வளர்க்கும். கையை வேகமாக வீசுவது அந்தத் தசைகள் என்றால், வீசிய கையைப் பிடித்து நிறுத்துவது பின்பக்கத்துச் சிறு தசைகள். வண்டிக்கு இன்ஜினை மாற்றிவிட்டு பிரேக்கை அப்படியே விட்ட கதைதான் உங்களுடையது. ரப்பர் பேண்ட் (இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூப்) ஒன்றைக் கம்பத்தில் கட்டுங்கள். முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டி, இடையில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள்: 15 தடவை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். அதோடு பேண்டை மார்புக்கு இழுக்கும் ‘ரோயிங்’ அதே அளவு.

மல்லாந்து படுத்து, கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி உள்ளங்கையைத் தரைநோக்கி இறக்கிப் பாருங்கள். அடிக்கும் கை, மற்றக் கையைவிட 20 டிகிரிக்கு மேல் குறைவாக இறங்கினால் தோளின் பின்பக்கம் இறுகியிருக்கிறது. அடிக்கும் கைப் பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மற்றக் கையால் மணிக்கட்டை மெதுவாகத் தரைநோக்கி அழுத்தி 30 நொடி, நாலு தடவை.

இன்னொன்று. யாரையாவது உங்கள் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கும் பக்கத் தோள்பட்டை எலும்பின் மேல் சதை வற்றிக் குழி விழுந்திருந்தால், அங்கு போகும் நரம்பு நசுங்கியிருக்கலாம். கைப்பந்து ஆடுகிறவர்களிடம் இது வலியே இல்லாமலும் வரும். விளையாட்டு மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பழக்கம் ஒழிய வேண்டும். மாலை ஐந்தரைக்கு வருகிறோம், பையை வைக்கிறோம், நேரே வரிசையில் நின்று முதல் பந்தையே கொல்லப் பார்க்கிறோம். பத்து நிமிடம் ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், பிறகு இருவராக நின்று 5 மீட்டரில் பந்தை எறிதல், 9 மீட்டரில் எறிதல், தரையில் நின்றபடி பாதி விசையில் அடித்தல், அதன்பின் நெட்.

கே: பிளாக்கில் பந்து பட்டு மோதிர விரல் நுனி தொங்கிவிட்டது. நண்பர் இழுத்து நெட்டி எடுத்துவிட்டார். வீக்கம் குறைந்தும் நுனி நிமிரவில்லை.
*— வாசகர், கடலூர்*

ப: இன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கிறது, அல்லது அது பற்றியிருந்த எலும்புத் துண்டோடு பெயர்ந்திருக்கிறது. நுனி மூட்டை நேராக வைத்து ஸ்பிளிண்ட் (விரலை மடங்காமல் பிடிக்கும் தகடு) போட்டு ஆறு முதல் எட்டு வாரம் இரவும் பகலும் வைத்திருக்க வேண்டும். குளிக்கும்போது கழற்றினால்கூட விரலை மேசை மேல் நீட்டி வைத்தபடிதான். நடுவில் ஒரு தடவை மடங்கிவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

விரலை இழுப்பது நம் களங்களில் ஒழியாத வியாதி. மூட்டு விலகியிருந்தால் உள்ளே எலும்புத் துண்டு உடைந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. இழுப்பவர் பாதிக் கிழிந்ததை முழுதாகக் கிழித்துவிடுவார்.

பிளாக்கில் விரல் அடிபடுவது கை தாமதமாக மேலே போவதால். பந்து வரும்போது விரல்கள் இன்னும் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் நுனியில் குத்தும். கைகள் பந்துக்கு முன்பே நெட்டைத் தாண்டி நின்றிருந்தால் உள்ளங்கையில் படும். விரல்களை விரித்து விறைப்பாக வையுங்கள். கட்டைவிரல் முன்னால் நீட்டாமல் மேல்நோக்கி இருக்கட்டும். ஆடப் போகுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள், நகத்தை வெட்டுங்கள். ஆறிவரும் விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்டர் ஒட்டும்போது மூட்டுகளின் மேல் ஒட்டாமல், மூட்டுகளுக்கு இடைப்பட்ட இடத்தில் ஒட்டுங்கள். விரல் மடங்க வேண்டும்.

கே: புதிதாக விளையாடும் மாணவி நான். அண்டர்ஹேண்ட் எடுத்தால் மணிக்கட்டு சிவந்து வீங்குகிறது. செட் செய்யும்போது கட்டைவிரலில் அடிபடுகிறது.
*— பிளஸ் 1 மாணவி, நாமக்கல்*

ப: முதலில் பந்தைப் பாருங்கள். சைக்கிள் பம்பால் கல் மாதிரி அடித்து வைத்திருப்பார்கள். விதிப்படி காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ, அதாவது நாலரை பி.எஸ்.ஐ. அளவுதான்; மீட்டர் உள்ள பம்ப் ஒன்றை அணிக்கு வாங்கச் சொல்லுங்கள். பந்து படவேண்டிய இடம் மணிக்கட்டு எலும்புக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி, முன்கையின் சதைப்பகுதி. விரல்களைக் கோத்துப் பிடிக்காதீர்கள். கோத்த விரலில் பந்து பட்டால் மூட்டு விலகும். ஒரு கையை மறு கைக்குள் வைத்து, இரண்டு கட்டைவிரலும் இணையாகக் கீழ்நோக்க நீட்டுங்கள். செட்டிங்கில் கட்டைவிரல் பந்தை நோக்கிக் குத்தி நிற்கக் கூடாது; உங்கள் கண்ணைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். அதற்கும் பந்துக்கு அடியில் போய் நின்றாக வேண்டும். எட்டிப் பிடிக்கும் கையில்தான் கட்டைவிரல் முன்னால் நீளும்.

கே: எங்கள் ஊரில் முதன்முறை மின்னொளிப் போட்டி நடத்துகிறோம். களத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
*— இளைஞர் மன்றம், புதுக்கோட்டை மாவட்டம்*

ப: போஸ்ட்டை நிறுத்த இழுத்துக் கட்டும் கம்பியும் முளையும்தான் முதல் எதிரி. இரவு வெளிச்சத்தில் கம்பி கண்ணுக்குத் தெரியாது. பந்தைத் துரத்தி ஓடுகிறவரின் கழுத்துக்கோ காலுக்கோ காத்திருக்கும். சர்வதேச விதியே கம்பி இல்லாத வழவழப்பான போஸ்ட்டைத்தான் கேட்கிறது. பக்கக் கோட்டிலிருந்து அரை முதல் ஒரு மீட்டர் தள்ளி. குழியில் சிமெண்ட் போட்டு நிறுத்திவிடுங்கள். போஸ்ட்டில் பழைய மெத்தை ஸ்பாஞ்சை ஆள் உயரத்துக்குச் சுற்றுங்கள்.

அடுத்தது, கோட்டுக்குப் பதில் நைலான் பட்டையை ஆணி அடித்துப் பதிப்பது. இரண்டாவது ஆட்டத்திலேயே ஆணி தலையைத் தூக்கும். சுண்ணாம்புப் பொடியே போதும், ஆட்டத்துக்கு ஆட்டம் போட்டுக்கொள்ளலாம். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலக் களத்தைச் சுற்றி 3 மீட்டராவது வெற்றிடம் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி, வடிகால், ஒலிபெருக்கிப் பெட்டி எதுவும் அதற்குள் வரக் கூடாது. முந்தைய நாள் மண்ணைக் கிளறிக் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுங்கள். போட்டி நாளில் லேசாகத் தெளித்தால் போதும், சேறானால் முட்டி திருகும்.

ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: உள்ளரங்கத்து டைவை மண்ணில் போடாதீர்கள். தாழ்ந்து ஓடி, ஒரு காலை நீட்டி, பந்தை எடுத்தபின் தோளின் பின்பக்கமாக உருண்டு எழுங்கள். மல்லாந்து விழும்போது கையைப் பின்னால் ஊன்றுகிறவர்களுக்கு மணிக்கட்டுச் சிறு எலும்பு உடையும். கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் விழும் குழியில் வலி இருந்து முதல் எக்ஸ்ரே சரியாக வந்தாலும், கட்டுப் போட்டுக்கொண்டு 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். இந்த எலும்பின் கீறல் முதல் படத்தில் ஒளிந்துகொள்ளும்.

கே: வயது 42. பதினைந்து வருடம் கழித்து மறுபடி ஆட ஆசை. ரன்னிங் ஷூ போதுமா? நீ கேப் போட்டுக்கொண்டால் முட்டிவலி வராதா?
*— வங்கி ஊழியர், மதுரை*

ப: ரன்னிங் ஷூ வேண்டாம். அதன் குதிகால் உயரமாக, மெத்தென்று இருக்கும். நேராக ஓட நல்லது. பக்கவாட்டில் நகர்ந்து நிற்கும்போது அதுவே கணுக்காலை மடக்கும். சிமெண்ட், உள்ளரங்கம் என்றால் தட்டையான ரப்பர் அடி கொண்ட பேட்மிண்டன் அல்லது கைப்பந்து ஷூ. முட்டியில் போடும் ஸ்பாஞ்ச் பட்டை தரையில் விழும் அடியைத்தான் தாங்கும். எகிறி இறங்கும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் வயதில் முதலில் போவது குதிகால் தசைநாண். முதல் ஆறு வாரம் எகிறாமல் பின்வரிசையில் ஆடுங்கள். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை உயர்த்தி மெதுவாகக் கீழே இறக்குங்கள்: தினம் 15 தடவை வீதம் மூன்று சுற்று. ஆடும்போது பின்னங்காலில் யாரோ உதைத்தது போல இருந்து, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை என்றால், காலை ஊன்றாமல் அப்படியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.